கேட்டுக்கு வெளியே நின்றவர்

1

ஊரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "அங்க கடல் எப்படி இருக்கு?" என்பதைத்தான். இந்த மாதத்தோடு நான் அந்தமானுக்கு வந்து முப்பது வருடமாகிறது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் எனக்கு வேலை. கடல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது கம்பி போட்ட ஜன்னலும், அதற்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மனிதர்களும்தான். வானிலை கெட்டால் கப்பல் கேன்சல். கேன்சல் செய்வது நான் இல்லை. திட்டு மட்டும் எனக்கு.

இந்த ஊரின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். பலகைகளில் புதுப்பெயர் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம். வாய் மாற நாளாகும்.

வேலை நேரம் போக மீதியை இங்குள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்ப் பூட்டைத் திறப்பேன். பாட்டு எண்களைப் பலகையில் எழுதுவேன். மைக் பார்ப்பேன். அறிவிப்பு வாசிப்பேன். எல்லோரும் போன பிறகு ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டுவேன். சபையில் யாருக்கும் என் பெயர் தெரியாது என்று நினைக்கிறேன். செக்ரட்டரி ஐயா, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, என் மகள் பியூலா சாப்பாட்டு மேசையில் ஒரு படிவத்தை வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். அவள் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் சுஷில் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். அவர்கள் ராஞ்சிக்காரர்கள். காடு வெட்டவும் சாலை போடவும் சோட்டாநாக்பூர் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கூட்டிவரப்பட்ட குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர்களும் கிறிஸ்தவர்கள். ஆராதனை மட்டும் இந்தியில். அவர்கள் சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பதற்கு முன்னால், பெண்ணின் சபையிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார்கள்.

படிவத்தில் நாலாவது கேள்வி இது: இவர் ஆராதனையிலும் நற்கருணையிலும் ஒழுங்காகப் பங்குபெறுகிறாரா? பதிவேட்டைப் பார்த்து எழுதவும். கீழே செக்ரட்டரி கையெழுத்து.

அந்தப் பதிவேட்டைச் சபையில் ஆரம்பித்தவனே நான்தான். அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணைக்கு யார் யார் எந்த மாதம் வந்தார்கள் என்று இருபது வருடமாக நானே எழுதிவந்தேன். பியூலாவின் பெயருக்கு எதிரே இரண்டு வருடமாக ஒன்றுமே இல்லை.

2

என் அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியாராக, போதகர் வராத நாட்களில் ஆராதனை நடத்துகிறவராக இருந்தார். காலையில் மணி அடிக்கும்போது நாங்கள் ஐந்து பிள்ளைகளும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு முழங்காலில் இருக்க வேண்டும். யாராவது தூங்கி விழுந்தால் அன்றைக்குக் காலைக் காப்பி கிடையாது. அவர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து ஒருவர் ஆஜர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று உண்மையிலேயே நம்பினார். நானும் அப்படியே வளர்ந்தேன். கடவுள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பேரேடுதான்.

இருபத்தேழு வயதில் வேலைக்கான உத்தரவோடு சென்னையில் கப்பல் ஏறினேன். இங்கே இந்தி பேசினால்தான் பிழைப்பு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் கவுண்டரில் இந்திதான் பேசுவார்கள். எனக்கு அப்போது அது சுத்தமாக வராது. இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே சொல், 'கல்'. வந்த புதிதில் ஒரு வங்காளிப் பெரியவர் கேட்டார், கப்பல் நேற்றே போய்விட்டதா என்கிறார் என்று நினைத்துக்கொண்டு 'கல்' என்று சொல்லித் தலையாட்டினேன். அவர் கேட்டது நாளைக்குத்தான் கப்பலா என்று. மறுநாள் மூட்டை முடிச்சுகளோடு வந்து, போய்விட்ட கப்பலுக்காக மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "தும் நயா ஹை," நீ புதுசு, என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கூச்சம் எனக்கு வெகுநாள் இருந்தது.

சபைக்குள் நுழைந்தால் மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது. அங்கே தமிழ். அங்கே நான் உபதேசியார் மகன். ஒரு வேலை கொடுத்தார்கள், பிறகு இன்னொன்று. வெளியூரில் நாம் யார் என்பது மறந்துபோகாமல் இருக்க ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பியூலா இங்கேயே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வசனங்களை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வாள். ஓய்வுநாள் பள்ளிப் போட்டியில் ஒவ்வொரு வருடமும் முதல் பரிசு. அர்த்தம் புரிந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

3

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் ஞானமுத்து. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டுச் சின்ன வயதில் பெற்றோரோடு அங்கே வந்தவர். சுனாமியில் மூத்த பையனைக் கடல் கொண்டுபோனது. அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த சின்னக் கோயிலும் போனது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்து, எங்கள் சபையில் பெயர் கொடுத்தார்.

பெயர் கொடுத்தாரே தவிர, உள்ளே வரமாட்டார். மனைவியும் மகளும் உள்ளே போவார்கள். அவர் சுத்தமாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் நிற்பார். ஆராதனை முடியும்வரை நிற்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அறிவிப்பு வாசிக்கும்போது ஜன்னல் வழியே எனக்குத் தெரியும்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை தெற்கே வேறொரு தீவில் இருக்கிற ஹட் பேக்காரர். ஞானமுத்து இதே மாதிரி ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். குடும்பத் தலைவர் ஒழுங்காக வருகிறாரா என்று அதில் ஒரு கேள்வி. நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.

"உங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லியே."

"நான் வாரேனுங்களே ஐயா. ஒரு ஞாயிறு வுட்டதில்ல. நீங்களே பாத்திருக்கீங்க."

"வெளிய நிக்கிறது கணக்குல வராது. ஏன் உள்ள வரமாட்டேங்கிறீங்க?"

"உள்ள வந்தா எல்லாரும் எழுந்திரிச்சிப் பாடுறாங்க. எனக்கு வாய் வரலீங்க. பையன் போனதுக்கு அப்புறம் வரல. பாடாம குந்தியிருந்தா மத்தவங்களுக்கும் ஒரு மாதிரியா இருக்கும். வெளிய நின்னா ஆண்டவருகிட்ட என்னமாச்சும் பேசிக்கிட்டிருக்கலாம்."

"மூணு மாசம் ஒழுங்கா நற்கருணை எடுங்க. அப்புறம் தாரேன்," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கப்பல் கேன்சல் என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அவர் கெஞ்சவில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க முடியாது என்றார்கள். கோயிலில் ஓலை வாசிக்காமல், ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. பிறகு அவரும் மனைவியும் மகளோடு ஹட் பேக்கே போய்விட்டார்கள். மரத்தடி காலியானதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

4

பியூலாவின் படிவம் மூன்று நாள் மேசைமேல் கிடந்தது. என் மனைவி புஷ்பம் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் பியூலா டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"சைன் பண்ணிட்டீங்களாப்பா?"

"நாலு ஞாயிறு வந்துரு. பண்ணிரலாம்."

"சண்டே எனக்கு டூட்டி ஹை நா, பா."

"எல்லா ஞாயிறுமா?"

அவள் நீட்டிய காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "நஹி. எல்லா சண்டேயும் இல்ல," என்றாள். "சச் போலூம்? நான் நிஜத்தையே சொல்லிடறேன். அங்க வந்தா நான் உங்க பொண்ணா இருக்கேன். செக்ரட்டரியோட பொண்ணு. பியூலாவா இருக்க முடியல."

"அப்போ கர்த்தர் வேண்டாம்னு ஆயிருச்சா?"

"அப்படி எங்க சொன்னேன்? வார்டுல பேசிட்டே இருப்பேன். யாருக்காவது மூச்சு வாங்குச்சுன்னா சொல்லுவேன், தூ தேக், நீ பாருன்னு. மத்லப், அதாவது கையில வேலை, வாய்க்குள்ள அவன்."

எங்கள் வீட்டில் கடவுளை 'நீர்' என்றுதான் சொல்வோம். அப்பா 'தேவரீர்' என்பார். இந்தியில் எல்லோரும் கடவுளைத் 'தூ' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். ராஞ்சிக்காரர்கள் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் என் பிள்ளை அதைத் தமிழில் மாற்றி, 'நீ பாரு', 'அவன்' என்று பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வதுபோலச் சொன்னபோது தாங்க முடியவில்லை.

"மரியாதை இல்லாம என்ன பேச்சு இது?"

"உங்களுக்கு மரியாதை இருக்கு, பா," என்றாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சர்ச்சுல மைக் முன்னாடி இல்லாம, நீங்க அவர்கிட்ட கடைசியா எப்ப பேசுனீங்க?"

புஷ்பம் அடுப்பங்கரையிலிருந்து, "ஏ பிள்ள, அப்பாட்ட இப்படியா கேப்ப?" என்றாள். பியூலா எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வீட்டில் யாரும் இல்லாத நேரம் முழங்காலில் இருந்து பார்த்தேன். "மகா பரிசுத்தமுள்ள எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக" என்று வந்தது. கமிட்டிக் கூட்டத்துக்கு ஆரம்ப ஜெபம். அதை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது சொல்ல முயன்றேன். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒருவர் வீட்டு வாசலில் வேலை செய்துவிட்டு, உள்ளே இருப்பவரின் முகம் தெரியாதவன்போல் இருந்தேன். முழங்கால் வலித்தது. எழுந்து வேலைக்குப் போனேன்.

அன்றைக்குக் கவுண்டரில் ஹட் பேக்கு டிக்கெட் கேட்டு நின்ற ஒவ்வொரு முகத்திலும் ஞானமுத்து தெரிந்தார். சாயங்காலம் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன்.

5

கப்பல் காலையில் புறப்பட்டு மத்தியானம் தாண்டி ஹட் பே சேர்ந்தது. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான பேரை அங்கே அனுப்பியிருக்கிறேன், நான் போனது அது இரண்டாவது தடவை. அங்கே ஊர்களைக் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்வார்கள். எண்ணெய்ப் பனைத் தோட்டம் மூடின பிறகு அந்தப் பக்கமெல்லாம் காடு மண்டிக் கிடக்கிறது. ஜெட்டியில் அவரைப் பற்றி விசாரித்தேன். "கட்சால்வாலா ஞானமுத்து? எட்டு கிலோமீட்டர்," என்று ஓர் ஆட்டோக்காரர் கூட்டிப்போனார்.

தகரக் கூரை போட்ட வீடு. மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஞானமுத்து திண்ணென்று இருந்தவர், இப்போது பாதியாகியிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கய்யா. கப்பல்ல வந்தீங்களா? குந்துங்க."

உள்ளே கட்டிலில் அவர் மனைவி செல்லம்மா படுத்திருந்தார். ஒரு மாதமாக மூச்சிரைப்பு. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றார்கள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மறந்துபோனது. "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் சான்று குடுக்கல. அது தப்பு. நீங்க வெளிய நிக்கிறத ஒவ்வொரு வாரமும் பாத்துட்டுத்தான் வரலைன்னு எழுதினேன். மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றேன்.

அவர் அதெல்லாம் இல்லை என்று மழுப்பவில்லை.

"கோவந்தானுங்க. ரெண்டு மூணு வருசம் இருந்திச்சி. கல்யாணத்தன்னைக்கு உங்கள கண்டபடி ஏசினேன்."

"யாருட்ட?"

"அவருகிட்டத்தான். வேற யாருகிட்ட ஏசுறது? மத்தவங்ககிட்ட சொன்னா அது ஊரு பூரா போயிரும். அவரு கேட்டுக்கிட்டாரு. பையன் போனப்ப அவரையே ஏசியிருக்கேன், இது என்னா."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

"நான் வுடலீங்க. ஒரு நாளு தேடிப் பாத்தேன், கோவத்தக் காணல."

செல்லம்மா கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "செக்ரட்டரி ஐயாவா? எனக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கய்யா."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன். "மகா பரிசுத்தமுள்ள" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. தெரியாமல் இல்லை. நோயாளிகளுக்கான ஜெபம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் அந்த அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஞானமுத்து மெதுவாக, "ஆமென் சொல்லிரலாமுங்களா?" என்றார்.

"நீங்க பண்ணுங்க. எனக்கு வரல," என்றேன்.

அவர் கண்ணை மூடவில்லை. மனைவியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினார். "அப்பா, இவளுக்கு மூச்சு விடணும். உனக்குத் தெரியும். அப்புறம் ஐயா வந்திருக்காரு. ரொம்பக் களைச்சிப் போயிருக்காரு. பாத்துக்க." அவ்வளவுதான். ஆமென்கூட இல்லை. எழுந்து தேநீர் போடப் போனார்.

களைத்திருக்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. புஷ்பத்திடம்கூட இல்லை. நான் செய்த எந்த வேலையையும் சொல்லாமல், என்னிடம் எந்த வேலையும் கேட்காமல், ஒருவர் என்னைப் பற்றி மேலே இருப்பவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சுவரோரம் கிடந்த பாயில் உட்கார்ந்தேன். தேநீர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. வெயில் சாயும்போது கண் விழித்தேன், தலைக்குக் கீழே ஒரு மடித்த சேலை இருந்தது. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கிப் பல வருடமாகியிருந்தது.

6

இதற்குப் பிறகு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

திரும்பி வந்து நாலாவது கேள்விக்கு நேராக உள்ளதை எழுதினேன். 'இரண்டு வருடமாக ஆராதனைக்கு வரவில்லை. அவளுடைய விசுவாசத்தை அளந்து சொல்ல என்னால் ஆகாது. அவளிடமே கேளுங்கள்.' கையெழுத்துப் போட்டேன். எங்கள் சபைப் போதகரான ஐயர் வயதில் சிறியவர். படித்துவிட்டு, இப்படி எழுதலாமா என்று கமிட்டியில் கேட்டுவிடுவோம் என்றார்.

கமிட்டியில் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுன்னதும் சட்டம் மாறிடுச்சா செக்ரட்டரி ஐயா? கட்சால்காரருக்கு என்ன சொன்னீங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது," என்றேன். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அது கொஞ்சம் வலித்தது.

சுஷிலின் சபைப் போதகர், நான் எழுதியபடியே வந்த படிவத்தைப் பார்த்துவிட்டு பியூலாவை வரச் சொன்னார். அரைமணி நேரம் பேசியிருக்கிறார். என்ன கேட்டார் என்று நான் கேட்டேன். "வோ மேரா ஔர் உஸ்கா ஹை," அது எனக்கும் அவருக்கும் நடுவிலே, என்றாள். எந்த 'அவர்' என்று எனக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன். கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போய் நடந்தது. இந்தியில் வாக்குறுதி சொன்னாள். பாதி எனக்கு விளங்கவில்லை. கண்ணீர் துடைக்கிற சாக்கில் புஷ்பத்திடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு டிவி பார்த்து என்னைவிட நன்றாக இந்தி தெரியும்.

ஞானமுத்துவின் மகளுக்கு அந்த நாளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. செல்லம்மாவுக்கு இப்போது பரவாயில்லை என்று ஃபோனில் சொன்னார். ஒரேயடியாகக் குணமில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறாராம்.

7

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, வழக்கம்போல் சீக்கிரம் விழித்துவிட்டேன். கல்யாணம் வரைக்கும்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், இனி போய்த் திறக்க வேண்டிய கதவு இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம், "உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். "அலுப்பா இருக்கு," என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குந்தான்," என்றாள்.

மணி அடித்த பிறகு இரண்டு பேரும் நடந்து போனோம். நடுவில் ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்க்கச் சபை வேறு இடம்போல் இருந்தது. மைக் இரைந்தது, வேறு யாரோ சரிசெய்தார்கள். அறிவிப்பில் இரண்டு தப்பு. திருத்தப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெப நேரத்தில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வெளிச்சமோ நடுக்கமோ இல்லை. 'அலுப்பா இருக்கு' என்பதையே இன்னொரு தடவை, சத்தமில்லாமல், புஷ்பத்திடம் சொன்ன மாதிரியே சொன்னேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேறு சிலதும் இருந்தன. அப்பாவைப் பற்றி. அந்த வங்காளிப் பெரியவரைப் பற்றிக்கூட. நிறைய நேரமாகிவிட்டதுபோல.

மத்தியானம் சுஷில் வீட்டிலிருந்து பியூலா ஃபோன் செய்தாள். சாப்பிட்டீர்களா, அம்மா மாத்திரை போட்டாளா என்று விசாரித்துவிட்டு, "இன்னிக்கு சர்ச்சுல என்னப்பா பண்ணுனீங்க?" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இருக்கும்.

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருந்தேன்."

"தனியாவா?"

"இல்ல," என்றேன்.